விடிய நடையா, ஜிம்மா, சைக்கிளா, இராச் சாப்பாடா? நாற்பது தாண்டிய யாழ்ப்பாணத்தவருக்கு ஓர் ஒப்பீடு

இரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வருகிறது. வெறும் வயிற்றுச் சீனி 100க்கும் 125க்கும் நடுவில் நிற்கிறது. அல்லது இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7ஐத் தாண்டிவிட்டது, 6.5ஐ இன்னும் தொடவில்லை. "சலரோகம் இன்னும் இல்லை, ஆனா கவனமா இருங்கோ" என்று டொக்டர் சொல்லி அனுப்பிவிடுவார். கவனம் என்றால் என்ன செய்வது என்று விரிவாகக் கேட்க, வெளியே வரிசையில் நிற்பவர்கள் விடமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு வழி. மாமா பண்ணைக் கடற்கரைக்கு நடக்கப் போகச் சொல்வார். தம்பி ஜிம்மில் சேரச் சொல்வான். மனுசி இரவுப் புட்டில்தான் கை வைக்க வேண்டும் என்பா. கனடாவில் இருக்கும் அக்கா கையில் கட்ட ஒரு ஸ்மார்ட் வோட்ச் அனுப்பிவிடுவா. எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை தொடங்குகிறவர்கள் அடுத்த திங்கட்கிழமைக்குள் எல்லாவற்றையும் விட்டுவிடுவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் பலன் இருக்கும். சரி, எந்த ஒன்று?

எது அதிகக் கலோரி எரிக்கும் என்று நான் இதில் பார்க்கப் போவதில்லை. ஐப்பசி கார்த்திகை மழை, சித்திரை வெயில், நல்லூர்த் திருவிழாவின் 25 நாள், இடையில் வரும் கலியாண வீடு, செத்த வீடு, பிள்ளையின் சோதனை, இவ்வளவும் கடந்து எது மிஞ்சும் என்பதுதான் என் அளவுகோல்.

21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று ஒரு கதை உண்டு. கேதாரகௌரி விரதத்தை 21 நாள் பிடிக்கிற ஊரில் இந்தக் கணக்கு சுலபமாக எடுபடும். ஆனால் காப்புக் கட்டி முடித்த கையோடு ஆட்டிறைச்சிக்கு ஓடுகிற வீடுகளும் இதே ஊரில்தான் இருக்கின்றன. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவருடைய சகாக்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே கைக்கு வரும் நிலைக்கு நடுத்தரமாக 66 நாள் எடுத்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வித்தியாசம் இருந்தது. ஒரு கிளாஸ் தண்ணீர் குடிப்பது போன்ற சின்ன வேலைகள் கெதியாக ஒட்டிக்கொண்டன. உடற்பயிற்சிக்குக் கூட நாள் தேவைப்பட்டது. ஒருநாள் தவறிப்போனதால் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் இந்த எண்கள் அல்ல. ஒவ்வொருவரும் தங்கள் புதிய பழக்கத்தை, தினமும் எப்படியும் நடக்கிற வேறொரு காரியத்தோடு கட்டிவைத்தார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரவுச் சாப்பாட்டுக்கு முன் என்று. அதை மனதில் வைத்துக்கொண்டு நம்மிடம் இருக்கிற வழிகளைப் பார்ப்போம்.

விடிய நடை

எல்லோரும் முதலில் சொல்வது இதுதான். காசு வேண்டாம், கருவி வேண்டாம். பண்ணைக் கடற்கரை, கோட்டையைச் சுற்றிய பகுதி, நல்லூர்க் கோயில் வீதி என்று நடக்க நல்ல இடங்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் வயது வந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலசைவு வேண்டும் என்கிறது. நாளுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள் நடந்தால் கீழ் எல்லை சரி.

ஆனால் விடிய ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடைப்பட்ட நேரம் யாருடையது? ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அது அவருடைய நேரம். ஏழரைப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பி, மத்தியானச் சாப்பாட்டையும் கட்டிவைத்துவிட்டு வேலைக்கு ஓடுகிற பெண்ணுக்கு அது அடுப்பின் நேரம். அவ நடக்கப் போனால் வீட்டில் வேறு ஒருவர் தேங்காய் துருவ வேண்டும். அதைப் பேசித் தீர்க்காமல் "நாளைக்கு விடிய எழும்பி நடக்கிறன்" என்று சபதம் எடுப்பதில் பிரயோசனம் இல்லை. பிறகு ஒழுங்கை நாய்கள் இருக்கின்றன. இருட்டு விலகாத நேரத்தில் நாலைந்து கட்டாக்காலி நாய்கள் குரைத்துக்கொண்டு வந்தால், தனியாக நடக்கிறவர் இரண்டாம் நாளே வீட்டு வளவுக்குள் சுற்றத் தொடங்கிவிடுவார். மழைக்காலத்தில் ஒழுங்கையே குளம்.

காலை நேரம் உங்கள் கையில் இருந்து, கூட நடக்க ஒருவரும் இருந்தால், தாராளமாகப் போங்கள். இல்லாதவர்கள் இதில் தொடங்க வேண்டாம் என்பேன்.

ஜிம்மும் வோட்சும்

ஜிம் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். வயது போகப் போகத் தசை கரைகிறது. சாப்பாட்டிலிருந்து வருகிற சீனியின் பெரும்பகுதியை உறிஞ்சி எடுப்பதும் அந்தத் தசைதான். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் நடையோடு நிற்காமல், வாரத்தில் இரண்டு நாளாவது தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நம் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் இதைக் கிணற்றடி கொடுத்தது. துலாவில் இறைத்தார்கள், வாளி தூக்கினார்கள், தோட்டம் கொத்தினார்கள். இப்போது சுவிட்சைப் போட்டால் மோட்டார் இறைக்கிறது. ஆகவே ஜிம்முக்கு நியாயமான காரணம் இருக்கிறது.

ஆனால் அது தனியாக நேரம், தனியாகக் காசு, தனியாக ஒரு பயணம் கேட்கிறது. மூன்றும் கேட்கிற பழக்கம் முதல் கலியாண வீட்டுக் கிழமையிலேயே ஆட்டம் காணும். கதிரையிலிருந்து கையூன்றாமல் பத்துப் பதினைந்து தரம் எழும்பி இருப்பதும், சுவரில் கை வைத்துத் தள்ளுவதும் தொடக்கத்துக்குப் போதும். ஒன்றில் நிலைத்த பிறகு ஜிம்முக்குப் போகலாம்.

வோட்ச் எண்ணும், நடக்காது. விரும்பினால் கட்டிக்கொள்ளுங்கள்.

வேலைக்குச் சைக்கிள்

என் வாக்கு இதற்கு அதிகம். காரணத்தை நம் மண்ணே சொல்லும். குடாநாட்டில் மலை இல்லை, ஏற்றம் இறக்கம் இல்லை. கொக்குவில், திருநெல்வேலி, நல்லூர், கந்தர்மடம் என்று பட்டணத்தைச் சுற்றி இருப்பவர்களுக்கு வேலைத்தலம் பெரும்பாலும் ஐந்து கிலோமீற்றருக்குள் வந்துவிடும். நாலு கிலோமீற்றரை அவசரப்படாமல் மிதித்தால் இருபது நிமிடம். போக இருபது, வர இருபது, ஐந்து நாளைக்கு 200 நிமிடம். உடற்பயிற்சிக்கென்று ஒரு நிமிடமும் ஒதுக்காமலே 150ஐத் தாண்டியாயிற்று. வேலைக்கு எப்படியும் போகத்தான் வேண்டும் என்பதால் ஞாபகப்படுத்தவும் யாரும் வேண்டாம்.

பிரித்தானியாவில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து கிளாஸ்கோ ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட முடிவில், வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்களிடையே மரண ஆபத்து 41 சதவீதம் குறைவாக இருந்தது. சைக்கிளில் போகிறவர்கள் வேறு விதங்களிலும் ஆரோக்கியமானவர்களாக இருக்கலாம். அதனால் அந்த 41ஐ அப்படியே நமக்கு எடுத்துப் போடக் கூடாது. திசையைக் காட்ட அது போதும்.

இந்த ஊருக்குச் சைக்கிளைப் பற்றி யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாதபோது ஆசிரியர், வைத்தியர், மணப்பெண், நோயாளி எல்லோரையும் சுமந்தது சைக்கிள்தான். 2022இல் பெற்றோலுக்கு வரிசை நின்ற காலத்தில் மூலையில் தூசி பிடித்துக் கிடந்த லுமாலாக்கள் மறுபடி ரோட்டுக்கு வந்தன. வரிசை முடிந்ததும் அதே மூலைக்குப் போய்விட்டன.

ஏன் போயின என்று பார்த்தால்தான் இந்த வழியின் உண்மையான செலவு தெரியும். அது காசு அல்ல. மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற ஒருவர் சைக்கிளில் கந்தோருக்குப் போனால் சந்தியில் நிற்கிற மூன்று பேராவது "என்ன அண்ணை, மோட்டார் சைக்கிள் பழுதோ?" என்று கேட்பார்கள். நாலாவது ஆள் கேட்காமல் ஒரு பார்வை பார்ப்பார். வெளிநாட்டிலிருந்து தம்பி காசு அனுப்பி எடுத்துக் கொடுத்த ஸ்கூட்டி வாசலில் நிற்கும்போது, அக்கா சைக்கிள் மிதித்தால் தம்பிக்கே மரியாதைக் குறைவு என்று நினைக்கிறவர்கள் உண்டு. இதற்கு நீண்ட விளக்கம் கொடுக்கக் கூடாது. "டொக்டர் சொன்னவர்" என்ற இரண்டு சொல் போதும். வருத்தத்துக்கு இந்த ஊரில் இருக்கிற மரியாதை உடற்பயிற்சிக்கு இல்லை.

மற்ற இடைஞ்சல்களும் சிறியவை அல்ல. காங்கேசன்துறை வீதியிலும் பலாலி வீதியிலும் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரும்போது ஓரத்தில் மிதிப்பவருக்கு உயிர் கையில் இருக்காது. உள் ஒழுங்கைகளால் போவது கொஞ்சம் சுற்று, ஆனால் அதுதான் சரி. கைபிடியில் ஒரு சின்னக் கண்ணாடி, பின்னுக்குச் சிவப்பு லைற், இரண்டும் கட்டாயம். சோளகக் காற்றுக் காலத்தில் ஒரு பக்கப் பயணம் எதிர்க்காற்றில்தான். இருபது நிமிடம் இருபத்தெட்டாகும். வியர்வைக்கு வழி, கந்தோர் மேசை லாச்சியில் ஒரு சேட்டும் துவாயும். சாறி கட்டிப் போகிறவர்களுக்கு இது இன்னும் சிக்கல். சுடிதார் போட அனுமதி இல்லாத இடமென்றால் உடுப்பு மாற்ற ஓர் அறையும் தேவை. மழைக்காலத்தில் வாரத்தில் இரண்டு மூன்று நாள் விடுபடும். விடட்டும், அதற்காகப் பழக்கம் செத்துவிடாது என்பதைத்தான் அந்த 96 பேரின் கதையும் சொல்கிறது.

சுன்னாகத்திலிருந்து பட்டணம் வருகிறவருக்குத் தூரம் ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர். அவருக்கு நான் தினமும் சைக்கிள் என்று சொல்லமாட்டேன். சந்தைக்கு, கோயிலுக்கு, கடைக்கு என்று கிட்டின தூரத்துக்கு மட்டும் மோட்டார் சைக்கிளின் சாவியைத் தொடாமல் இருக்கலாம். முழங்கால் தேய்ந்தவர்களும் நடையைவிடச் சைக்கிளைச் சுலபமாகச் செய்ய முடிவது வழக்கம். சீற்றை மட்டும் சற்று உயர்த்திக்கொள்ள வேண்டும்.

இராச் சாப்பாடு

சீனிதான் பிரச்சினை என்றால் சைக்கிளுக்கும் முன்னால் நிற்பது இதுதான். நம் மூன்று வேளையும் மாச்சத்துதான்: காலையில் பாண் அல்லது இடியப்பம், மத்தியானம் சோறு, இரவு புட்டு. அதில் இரவு மட்டும் ஒரு தனி ரகம். ஒன்பது ஒன்பதரைக்குச் சாப்பிட்டு, பத்துமணிக்குப் படுத்தால், அந்தச் சீனியைச் செலவழிக்க உடம்புக்கு வேலையே இல்லை.

புட்டை விடச் சொல்லவில்லை, சொன்னாலும் நடக்காது. மாற்ற வேண்டியது நீத்துப்பெட்டிக்குள் போகிற பங்கு. பல வீடுகளில் அரிசிமாவோடு அவித்த கோதுமைமாவையும் கலந்து குழைப்பார்கள். அதற்குப் பதிலாகச் சிவப்பரிசி மாவைக் கொஞ்சம் குறைத்துக் குழைத்து, அதேயளவு முருங்கையிலை, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கிடைத்தால் கூனி இறாலும் தேங்காய்ப்பூவும் சேர்த்து அவித்துப் பாருங்கள். கோப்பை நிறைந்திருக்கும், மா பாதியாகியிருக்கும். கீரைப் புட்டு ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. அம்மம்மாக்கள் செய்ததுதான், இடையில் நாம் மறந்தோம். குரக்கன் புட்டுக்கு மாறிவிட்டோம், இனிப் பயமில்லை என்று இரண்டு மடங்கு சாப்பிடுகிறவர்களையும் தெரியும். குரக்கனும் மாதான். அளவு அளவுதான். கறுத்தக்கொழும்பான் காலத்தில் புட்டோடு மாம்பழம் என்றால் புட்டு அன்றைக்கு இன்னும் பாதியாக வேண்டும். அதுகூட முடியாதென்றால் மாம்பழத்தைப் பகலுக்கு மாற்றுங்கள்.

நேரமும் முக்கியம். ஏழரைக்குச் சாப்பிட முடிந்தால் படுக்கப் போக இரண்டரை மணி நேரம் இருக்கும். இங்கேதான் வீடு முழுக்க வளைய வேண்டியிருக்கிறது. பிள்ளை ரியூசன் முடிந்து வரும் நேரம், மாமியின் நாடகம், கோயில் பூசை, எல்லாம் குறுக்கே நிற்கும். சமைக்கிறவர் ஒருவர், சாப்பிடுகிறவர் ஐந்து பேர் என்ற வீட்டில் ஒருவருக்காக மட்டும் வேறு சமையல் நாலு நாளைக்கு மேல் தாங்காது. எல்லோருக்கும் அதே கீரைப் புட்டு என்றால் தாங்கும். பிள்ளைகள் முதல் கிழமை முகம் சுளிப்பார்கள், பிறகு இறாலைத் தேடித் தேடியாவது சாப்பிடுவார்கள்.

இதோடு ஒட்டிய ஒரு சின்னக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் சேர்த்துக்கொள்ளும் சீனியை நாளுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் வைத்திருந்தால் கூடுதல் நன்மை என்கிறது. இரண்டு கரண்டி போட்ட தேத்தண்ணி மூன்று குடித்தால் அது முடிந்துவிட்டது. பிஸ்கட்டும் சோடாவும் இனிமேல்தான் வரப்போகின்றன. வீட்டில் சீனி குறைப்பது சுலபம். போகிற வீடுகளில்தான் கஷ்டம். "சீனி போடாதேங்கோ" என்றால் "உங்களுக்கும் வருத்தம் வந்திட்டுதோ?" என்ற கவலை விசாரிப்பில் அரை மணி போகும். பனங்கட்டி கடித்துக்கொண்டு பிளேன்டீ குடிக்கும் பழைய முறை இதற்கு நல்ல சமாளிப்பு: எவ்வளவு உள்ளே போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். பனங்கட்டியும் சீனிதான் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

சாப்பிட்டபின் பத்து நிமிடம்

பட்டியலில் யாரும் சொல்லாத ஐந்தாவது வழி இது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 2016இல் வந்த ஆய்வு ஒன்று, நீரிழிவு உள்ளவர்களை இரண்டு விதமாக நடக்க வைத்துப் பார்த்தது. நாளில் ஒருதரம் அரை மணி நடப்பது ஒன்று, ஒவ்வொரு பிரதான சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் நடப்பது மற்றது. மொத்த நேரம் ஒன்றுதான். ஆனால் சாப்பாட்டுக்குப் பின் நடந்தபோது, சாப்பிட்டதும் ஏறும் சீனி சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 22 சதவீதம். மாச்சத்து அதிகமாக உள்ளே போவதும், பிறகு ஆடாமல் அசையாமல் இருப்பதும் இரவில்தான் என்பதால் இதில் ஆச்சரியம் இல்லை.

விடிய நடையின் சிக்கல் எதுவும் இதில் இல்லை. நேரம் ஒதுக்கத் தேவையில்லை, உடுப்பு மாற்றத் தேவையில்லை, சாப்பாட்டைத் தவறவிடுகிறவர் யாரும் இல்லை. கேற்றுக்கும் கிணற்றடிக்கும் இடையில் நடந்தால் நாயும் இல்லை, மழையென்றால் விறாந்தை.

இதே வகையில் இன்னொரு நேரமும் சும்மா கிடக்கிறது. பின்னேரங்களில் ரியூசன் வாசல்களைப் பாருங்கள். ஒழுங்கை இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள். ஒவ்வொன்றிலும் ஒரு அப்பாவோ அம்மாவோ சாய்ந்தபடி போனைத் தடவிக்கொண்டு இருப்பார்கள். சிலர் முக்கால் மணிக்கு முன்னரே வந்து நிற்பார்கள், கிட்டடியில் வீடு இல்லாதவர்கள் பாடம் முடியும்வரை அங்கேயே இருப்பார்கள். கிழமையில் நாலைந்து நாள் இது நடக்கிறது. அந்த நேரத்தில் ஒழுங்கையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இரண்டு அம்மாக்கள் கதைத்துக்கொண்டு நடந்தால் யாரும் "வருத்தமோ" என்று கேட்கமாட்டார்கள். துணையும் தானாகக் கிடைக்கிறது. வீட்டு வேலைக்குப் பங்கம் இல்லை. பெண்களுக்கு இந்த ஊரில் இதைவிட வசதியான நடை நேரம் ஒன்றை என்னால் யோசிக்க முடியவில்லை.

யாருக்கு எது

வேலைத்தலம் ஐந்து கிலோமீற்றருக்குள், முழங்காலும் நெஞ்சும் சரி, சீனி இன்னும் சாதாரண அளவில்: சைக்கிள். அது ஒன்றே போதும்.

சீனி எல்லையில் நிற்கிறது என்றால் கீரைப் புட்டும் சாப்பிட்டபின் பத்து நிமிடமும் முதலில். இரண்டும் ஒரே சாப்பாட்டு மேசையோடு கட்டப்பட்டவை என்பதால் இதை ஒன்றாகவே எண்ணுகிறேன். சென்னையில் ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நடையும் உணவு மாற்றமுமாக இருந்தவர்களில் எல்லையிலிருந்து நீரிழிவுக்குப் போகும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையாமலே இது நடந்தது. எனவே தராசு அசையவில்லை என்று மூன்றாம் கிழமை மனம் சோர்ந்து விடுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். வீட்டில் அளக்க வேண்டும் என்றால் இடுப்புச் சுற்றளவை அளவுங்கள்: தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80, அதற்கு மேல் போகக் கூடாது.

ஓய்வுபெற்றவர்களுக்கு விடிய நடையும் கதிரையிலிருந்து எழும்பும் பயிற்சியும். இரவு வேலை செய்கிறவர்களுக்கு மேலே சொன்ன நேரக் கணக்கு எதுவும் பொருந்தாது; சாப்பிட்டபின் நடப்பது மட்டும் எந்த நேரத்திலும் பொருந்தும். ஏற்கெனவே சீனிக் குளிசை எடுப்பவர்களும் இன்சுலின் போடுபவர்களும் சாப்பாட்டு அளவையோ நேரத்தையோ மாற்றுமுன் கிளினிக்கில் கேட்டே ஆக வேண்டும். விரத காலத்திலும் அப்படித்தான். குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி ஒரேயடியாக இறங்கி மயங்கி விழ நேரலாம்.

எதைத் தொடங்கினாலும் மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சியைத் திரும்பப் பாருங்கள். 35 வயது தாண்டியவர்களுக்கு அரச வைத்தியசாலைகளின் ஆரோக்கிய வாழ்வு கிளினிக்குகளில் சீனியும் பிறஷரும் இலவசமாகப் பார்ப்பார்கள். எண் இறங்கியிருந்தால் அதையே தொடருங்கள், புதிதாக ஒன்றும் சேர்க்க வேண்டாம். அசையவே இல்லையென்றால் அடுத்துக் கை வைக்க வேண்டியது ஜிம்மில் அல்ல, மத்தியானச் சோற்றில்: கோப்பையில் பாதியை முதலில் மரக்கறிக்கும் கீரைக்கும் கொடுத்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் மீனும் சோறும்.